பாட்டுப் பெட்டியைத் திறக்க யாரைக் கேட்க வேண்டும்?

ஐபாட் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாட்டுப் பெட்டி. அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி 2001 அக்டோபர் 23ல் அதை வெளியிட்டது. விலை 399 டாலர்; அன்றைய மாற்று விகிதத்தில் நம் பணத்துக்கு ஏறத்தாழ 19 ஆயிரம் ரூபாய். அந்தப் பணத்தைப் பார்க்க அன்று திருவள்ளூர் வட்டாரத்தில் நாற்று நட்ட பெண் எத்தனை மாதம் சேற்றில் நிற்க வேண்டியிருந்தது என்று நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளின் சட்டைப் பையில் இருந்த சாமான் அது.

அதே பெட்டி இன்று பழைய சாமானாகி, சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கைமாறுகிறது. அங்கிருந்து மின்சார ரயில் ஏறிப் பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வந்துவிடுகிறது. செய்து விற்ற கம்பெனி அதைக் கைகழுவிவிட்டது. சக்கரம் வைத்த பெரிய ரகத்தை 2014 செப்டம்பரில் நிறுத்தியது. கடைசியாக எஞ்சிய ரகத்தையும் 2022 மே மாதத்தில் நிறுத்தியது. ஆனால் கைவேலை தெரிந்த வாலிபர்கள் அதை விடவில்லை. பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே தேய்ந்துபோன டிஸ்க்கை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்துகிறார்கள். கம்பெனி கணக்கில் செத்துப்போன பெட்டி மறுபடி பாடுகிறது. முன்னைவிடப் பல மடங்கு பாட்டும் கொள்கிறது.

கூலி பாக்கியும் ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்னையும் தலைக்குமேல் இருக்கும்போது பாட்டுப் பெட்டி ஒரு விஷயமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். விஷயம்தான். காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. உங்கள் மடியில் இருக்கும் போனுக்கும், வயலில் இறங்கும் அறுவடை யந்திரத்துக்கும் அதே கேள்விதான்.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பழைய ஐபாட்டில் பாட்டுகள் இருக்கும் இடம் ஹார்டு டிஸ்க். முதல் பெட்டியில் ஜப்பானின் தோஷிபா கம்பெனி செய்த 5 ஜிபி டிஸ்க் இருந்தது. தட்டின் குறுக்களவு இரண்டு அங்குலம்கூட இல்லை. காந்தப் பூச்சு பூசிய அந்தத் தட்டு நிமிஷத்துக்கு 4200 சுற்று சுற்றும். நூற்பு மில்லில் கதிர் சுற்றும் வேகம் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு இருக்கும் என்பது நம் மில் தோழர்களுக்குத் தெரியும்; ஆனால் கதிர் தரையில் ஊன்றிய யந்திரத்தில் சுற்றுகிறது. இந்தத் தட்டோ, நடப்பவன் பையிலும் பஸ்ஸில் குலுங்குபவன் இடுப்பிலும் சுற்ற வேண்டும். தட்டுக்கும் அதன் மேல் பாட்டைப் படிக்கும் முனைக்கும் இடையே உள்ள சந்து, தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒருமுறை கைதவறி விழுந்தால் முனை தட்டில் உரசும். உரசிய இடத்துப் பாட்டு போயிற்று.

இது தெரிந்தே பொறியாளர்கள் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். டிஸ்க் எந்நேரமும் சுற்றாது. கொஞ்ச நேரம் சுற்றி, வரிசையாகச் சில பாட்டுகளை 32 எம்பி அளவுள்ள ஒரு நினைவகத்தில் கொட்டிவிட்டு நின்றுவிடும். அவை தீர்ந்ததும் மறுபடி சுற்றும். மின்சாரம் மிச்சம், அதிர்ச்சிக்கும் தப்பலாம். கெட்டிக்கார வேலை, செய்த பொறியாளர்களைக் குறை சொல்ல நமக்கு எதுவும் இல்லை. ஆனாலும் சுற்றுகிற பொருள் தேயும். பத்து வருஷத்தில் தேயலாம், பதினைந்தில் தேயலாம். அப்போது பெட்டியிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வரும். திரையில் அழுமூஞ்சிப் படம் ஒன்று தோன்றும். இந்த அளவு டிஸ்க் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது.

மெமரி கார்டில் சுற்றுவது எதுவும் கிடையாது. தேய்வதற்குத் தாங்கி இல்லை, உரசுவதற்கு முனை இல்லை. மோட்டார் இல்லாததால் பேட்டரியும் அதிக நேரம் நிற்கிறது. பழைய டிஸ்க் பேசிய பாஷையை மெமரி கார்டின் பாஷைக்கு மாற்றிச் சொல்ல நடுவே ஒரு சின்ன அடாப்டர் பலகை வேண்டும். இந்தப் பலகையைச் செய்தது ஆப்பிள் கம்பெனி அல்ல. இங்கிலாந்திலிருந்து வரும் ஐஃப்ளாஷ் என்ற பலகை பேர்போனது. விலை மலிந்த வேறு பலகைகளும் சந்தையில் உண்டு. 5 ஜிபியில் ஆயிரம் பாட்டு என்று கம்பெனி 2001ல் விளம்பரம் செய்தது. அதே கணக்கில் 128 ஜிபி கார்டு ஒன்றில் 25 ஆயிரம் பாட்டுக்கு மேல் அடங்கும். ஒரு மனிதன் ஆயுளில் கேட்டுத் தீர்ப்பானா என்பது வேறு விஷயம்.

செய்முறையையும் சொல்லிவிடுகிறோம். 2005ஆம் ஆண்டு ரகம் இதற்குத் தோதானது. முன்பக்கம் பிளாஸ்டிக், பின்பக்கம் எஃகு மூடி. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை சின்னக் கவ்விகள். மூடியில் திருகாணியும் இல்லை, பசையும் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை இடுக்கில் செருகி, சுற்றிலும் மெதுவாக நெம்பினால் மூடி விடும். சட்டென்று பிரித்து இழுக்கக் கூடாது. மூடியோடு ஒட்டிய பேட்டரியிலிருந்தும் ஹெட்போன் துளையிலிருந்தும் இரண்டு ரிப்பன் கேபிள்கள் பலகைக்குப் போகின்றன. இழுத்த இழுப்பில் அவை கிழிந்தால் வேலை இரட்டிப்பு. டிஸ்க் ரப்பர் மெத்தையில் சும்மா உட்கார்ந்திருக்கும். அதன் கேபிள் தாழ்ப்பாளை நகத்தால் தூக்கினால் கேபிள் கழன்று வரும். அதே இடத்தில் அடாப்டரை மாட்டி, கார்டைச் செருகி, மூடிவிட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்தால், பெட்டியைப் புதிதாக அமைக்கட்டுமா என்று மென்பொருள் கேட்கும். சரி என்றால் தானே அமைத்துக்கொள்ளும். பழைய டிஸ்க்கில் இருந்த பாட்டு எதுவும் கூட வராது. முன்கூட்டியே நகல் எடுத்து வைத்தவருக்கே பாட்டு மிஞ்சும்.

இதற்குப் பின் வந்த கிளாசிக் ரகத்துக்கு முன்பக்கமும் உலோகம். அதைத் திறப்பது வேறு பாடு. கற்றுக்குட்டி அதில் கை வைக்க வேண்டாம் என்பதே நம் யோசனை. சில ரகங்கள் 128 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை முழுதாக ஏற்காது என்பதையும் விசாரித்து வாங்க வேண்டும். போலி கார்டுகளும் உலவுகின்றன. மேலே 256 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே அதில் பாதிகூட இருக்காது. வாங்கியதும் கம்ப்யூட்டரில் போட்டு முழுக்க நிரப்பிப் பார்ப்பது நல்லது. பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ வளைக்கவோ கூடாது. லிதியம் பேட்டரி தீப்பிடித்தால் அதன் வேகம் பயங்கரமானது.

பெட்டியின் உடலைப் போலவே அதன் மூளையையும் மாற்ற முடிந்திருக்கிறது. ராக்பாக்ஸ் என்ற மென்பொருளை 2001 இறுதியில் சுவீடன் தேசத்து நிரலாளர்கள் சிலர் எழுதத் தொடங்கினார்கள். முதலில் வேறொரு கம்பெனியின் பெட்டிக்காக, பின்னால் ஐபாட்டுக்கும். பல தேசத்தவர் ஓய்வு நேரத்தில் எழுதிச் சேர்த்து, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் கம்பெனியின் மென்பொருளை எதிர்பார்க்காமல், பென்டிரைவில் நகலெடுப்பதைப் போலப் பாட்டை ஏற்றலாம். லாபத்துக்கு ஆள் வைத்துச் செய்ததை, லாபம் வேண்டாதவர்கள் கூடிச் செய்து காட்டினார்கள்.

கம்பெனி இதை விரும்பியதா? ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். முதல் ஐபாட்களின் பேட்டரி ஒன்றரை வருஷம் இரண்டு வருஷத்தில் சோர்ந்தது. 2003ல் நியூயார்க்கைச் சேர்ந்த நைஸ்டாட் என்ற சகோதரர்கள் இருவர் தங்கள் பெட்டிக்குப் புதுப் பேட்டரி கேட்டபோது, புதுப் பெட்டி வாங்குவதே மேல் என்ற பதில் வந்ததாகச் சொன்னார்கள். ஆத்திரமடைந்து, பேட்டரி பதினெட்டு மாதமே உழைக்கும், மாற்ற முடியாது என்று ஊரெல்லாம் ஒட்டியிருந்த ஐபாட் விளம்பரத் தட்டிகளின் மேலேயே மை தெளித்து எழுதினார்கள். அதைச் சின்னப் படமாகவும் எடுத்தார்கள். அதே நவம்பர் மாதத்தில் 99 டாலர் வாங்கிக்கொண்டு பேட்டரி மாற்றித் தரும் ஏற்பாட்டைக் கம்பெனி அறிவித்தது. பெட்டி வாங்கியவர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2005ல் சமரசத்தில் முடிந்தது. கம்பெனி நஷ்ட ஈடு தர ஒப்புக்கொண்டது. தனித்தனியே கேட்டபோது கிடைக்காதது கூடிக் கேட்டபோது கிடைத்தது. நம் வாசகர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். ஐபாட் நம் ஊரில் கொஞ்சம் பேரிடந்தான் இருந்தது. நம் ஜனங்களின் பாட்டுப் பெட்டி, மெமரி கார்டு போட்ட போன். பதினைந்து வருஷத்துக்கு முன் கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, திருவள்ளூர் கடைத்தெருக்களில் ‘பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்ற பலகை தொங்காத போன் கடை உண்டா? சம்பள நாளன்று வரிசை நிற்கும். தமிழனுக்கு இளையராஜா, உருக்காலைக்கு வந்த பீகார்த் தோழனுக்குப் போஜ்புரி, ஒடிசாக்காரனுக்கு அவன் ஊர்ப் பாட்டு. இருபதோ முப்பதோ கொடுத்தால் கார்டு நிரம்பும். அந்தப் பாட்டுக்கு உழைத்த கலைஞனுக்கு அதில் ஒரு காசும் போகவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் கார்டு நிரம்பினால் இன்னொரு கார்டு. போன் உடைந்தால் கார்டைக் கழற்றி அடுத்த போனில் போட்டுக்கொள்ளலாம். டிஸ்க் மாற்றுவது என்ற பெரிய வேலையே அங்கே இல்லை. நகம் இருந்தால் போதும்.

அந்தப் போன்களில் கணிசமானவை நம் பக்கத்துச் சீமையில்தான் உருவாயின. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை திறந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆணும் பெண்ணும் பஸ் ஏறிப்போய் வேலை செய்தார்கள். அவர்கள் பூட்டிய போனின் பின்மூடி கையாலேயே கழலும். பேட்டரி கையாலேயே மாறும். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டு அவர்கள் வீதிக்கு வந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. சக்கரம் வைத்த ஐபாட் நின்றதும் அந்த 2014ல்தான். இரண்டுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் கையால் திறக்கக்கூடிய சாமான்களின் காலம் ஏறத்தாழ அந்த வருஷங்களில் முடிந்துகொண்டிருந்தது என்பது மட்டும் உண்மை.

இன்றைய விலை உயர்ந்த போனை எடுத்துப் பாருங்கள். மூடி பசையால் ஒட்டியிருக்கிறது. பேட்டரியும் பசையால் ஒட்டியிருக்கிறது. பாட்டும் படமும் இருக்கும் சில்லு, பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மெமரி கார்டுக்குத் துளை இல்லை. அதிக இடம் வேண்டுமா? கடையிலேயே அதிக விலை கொடுத்துப் பெரிய ரகத்தை வாங்கு, இல்லையேல் மாதா மாதம் வாடகை கட்டிக் கம்பெனியின் கிடங்கில் வை என்கிறார்கள். பாட்டும் அப்படியே: சந்தா நின்றால், கேட்டுக்கொண்டிருந்த பாட்டு மறுநாள் பூட்டப்படும். இதற்கும் மேல் ஒரு தந்திரம் இருக்கிறது. சில போன்களில் பாகம் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து அந்தப் போனோடு மென்பொருளால் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். அசல் பாகத்தையே வேறு போனிலிருந்து எடுத்து மாட்டினாலும் போன் முரண்டு பிடிக்கும், அல்லது எச்சரிக்கை காட்டிக்கொண்டே இருக்கும்.

கம்பெனிகள் காரணம் சொல்லாமல் இல்லை. பசை போட்டால் தண்ணீர் புகாது, போன் மெலிதாகும் என்கிறார்கள். தெரியாத கை பட்டால் பேட்டரி தீப்பிடிக்கும் என்கிறார்கள். இவற்றில் கொஞ்சம் நியாயம் உண்டு; மழையில் வேலை செய்பவனுக்குத் தண்ணீர் புகாத போன் வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாகத்தையும் செய்முறைப் புத்தகத்தையும் கருவியையும் நியாய விலைக்கு விற்கத் தடை என்ன? விற்றால் நம் ஊர் மெக்கானிக் பத்திரமாகவே செய்வான். மோட்டார் பம்ப்செட்டைக் கழற்றிப் பூட்டுகிற கைக்கு, லாரி எஞ்சினை இறக்கி ஏற்றுகிற கைக்கு, ஒரு போன் பெரிதா? ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் பெண்கள் இன்று உலகத்துக்கே போன் பூட்டிக் கொடுக்கிறார்கள். பூட்டுவதற்குத் தகுதி உண்டு, கழற்றுவதற்கு மட்டும் தகுதி இல்லை என்றால் அதை எப்படி ஏற்பது?

திறக்க முடியாத சாமான் கடைசியில் எங்கே போகிறது என்பதைக் கும்மிடிப்பூண்டிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. குப்பை இரும்பை உருக்கும் உலைகள் இங்கேதான் இருக்கின்றன. அபாயகரமான ஆலைக் கழிவைப் புதைக்கும் நிலையமும் இங்கே சிப்காட்டுக்குள்தான் இருக்கிறது. அடைத்த சிலிண்டரோ, ஈரமோ, எண்ணெய் தங்கிய குழாயோ ஸ்க்ராப்போடு உலையில் விழுந்தால் உருகிய இரும்பு எப்படித் தெறிக்கும் என்பதை உலையடியில் நிற்பவர்கள் அறிவர். ஒட்டிய பெட்டிகளில் உள்ள லிதியம் பேட்டரியும் அந்த வகைதான். கழற்ற எளிதாக இருந்தால், காயலான் கடைக்காரனே கழற்றித் தனியே வைப்பான். பசைபோட்டு ஒட்டியிருந்தால் சம்மட்டியால் உடைப்பான், இல்லை அப்படியே குவியலில் எறிவான். தீ அவன் கிடங்கிலேயே பிடிக்கலாம், லாரியில் பிடிக்கலாம். கலிபோர்னியாவில் வரைபடம் போடுபவர் மிச்சம் பிடித்த அரை மில்லிமீட்டர் கனத்துக்கு இங்கே ஸ்க்ராப் பிரிக்கும் கூலிக்காரப் பெண் கையைக் கொடுக்க வேண்டுமா? மின்னணுக் கழிவுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று 2022ல் மத்திய சர்க்கார் எழுதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. கழிவான பிறகு பொறுப்பு என்கிற விதி, கழிவாகாமல் பத்து வருஷம் உழைக்கும்படி செய் என்று கம்பெனியை நெருக்கவில்லை.

இந்த விஷயத்தில் மற்ற தேசத்தார் கொஞ்சம் முன்னே போயிருக்கிறார்கள். போனைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்ற விதி பிரான்ஸில் 2021 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023ல், டிராக்டர் முதலிய விவசாய யந்திரங்களைப் பழுதுபார்க்கத் தேவையான பாகமும் மென்பொருளும் விவசாயிக்குத் தரப்பட வேண்டும் என்று சட்டம் செய்தது. மென்பொருள் பூட்டால், கதிர் முற்றி நிற்கும்போது யந்திரம் நின்று கம்பெனி ஆளுக்காகக் காத்திருந்த விவசாயிகளின் போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. ஓரிகன் மாநிலம் 2024ல் பாகங்களுக்கு மென்பொருள் முடிச்சுப் போடும் தந்திரத்தையே தடுத்தது. ஐரோப்பிய யூனியன் 2024ல் இயற்றிய பழுதுபார்ப்பு உரிமைச் சட்டத்துக்கு 2026 ஜூலை 31 என்று கெடு வைத்தது.

நம் மத்திய சர்க்காரின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, போன், வீட்டுச் சாமான், வாகனம் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. அதே வருஷம் டிசம்பர் 24ல் இணையதளம் ஒன்றைத் திறந்தது. கம்பெனிகள் விரும்பினால் அதில் தங்கள் சேவை விவரங்களைப் போடலாம். விரும்பாத கம்பெனியை என்ன செய்வது? இணையதளம் சட்டம் ஆகாது. பொன்னேரி மெக்கானிக் அதைத் திறந்து பார்த்தால் கம்பெனியின் சேவை மைய விலாசம் கிடைக்கும், பாகம் கிடைக்குமா?

பழுதுபார்ப்பு உரிமை சட்டமாக வேண்டும். சாமான் விற்கும் கம்பெனி, விற்பனை நின்ற பிறகும் குறைந்தது பத்து வருஷத்துக்குப் பாகங்களை விற்க வேண்டும். செய்முறைப் புத்தகத்தைத் தமிழிலும் வெளியிட வேண்டும். பேட்டரியும், பாட்டும் படமும் சேரும் சில்லும், சாதாரணக் கருவியால் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். மென்பொருள் முடிச்சு கூடாது. ஐ.டி.ஐ.களில் போன் பழுதுபார்க்கும் மாணவனுக்கு அசல் வரைபடம் கிடைக்க வேண்டும். இவற்றில் எதுவும் ஆகாத காரியம் அல்ல. 2005ஆம் ஆண்டு ஐபாட் கவ்வியோடு வந்தது. அதன் டிஸ்க் தாழ்ப்பாளோடு வந்தது. இருபது வருஷத்துக்கு முன் அதே கம்பெனிக்கு முடிந்திருக்கிறது.

கைப்பேசி முதலிய சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் 2023ல் விதி செய்து, சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி 18 என்று நாள் குறித்தது. ஐரோப்பாவுக்குப் போகும் போன்களில் ஒரு பங்கை நம் ஜில்லாப் பெண்களும் பூட்டுகிறார்கள். அந்த விதிக்கு ஏற்ற போன் கப்பலேறிப் போகும்போது, பொன்னேரிக் கடைத்தெருவில் விற்கும் போன் எப்படி இருக்கும் என்பதை மத்திய சர்க்கார் இப்போதே சொல்ல வேண்டும்.